பதினேழாம் நாள் வண்டி

வித்யாலட்சுமி அக்காவோடு எனக்கு முதல் பேச்சே சண்டைதான். வாடகைக்காக. அவர் குறைக்கச் சொல்லவில்லை. நான் வாடகை வேண்டாம் என்றேன், அதுக்குத்தான் சண்டை.

ஆறு வருஷம் இருக்கும். செகந்திராபாத் மெட்டுகுடா ஸ்டாண்டில் என் ட்ராலி ஆட்டோ சும்மா நின்றிருந்தது. அக்கா வந்து, குஷாய்குடாவில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை ஏற்றி மல்காஜ்கிரியில் ஒரு வீட்டில் இறக்கணும் என்றார். இறக்கும்போது உள்ளே பார்த்தேன். பன்னிரண்டு வயசுப் பையன் பாயில் கிடந்தான். ஒருக்களித்துப் படுக்கக்கூட அம்மா வந்து திருப்பிவிட வேண்டியிருந்தது. எனக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது.

"காசு இருக்கட்டும்கா," என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தர்மமா? நக்கோ, வேணாம். தர்மம் பண்றவங்க ரெண்டாவது தடவை ஃபோன எடுக்க மாட்டாங்க. எனக்கு ரெண்டாவது தடவையும் வண்டி வேணும். வாடகையச் சொல்லுங்க."

வாங்கிக்கொண்டேன். அடுத்த மாசமே ஃபோன் வந்தது, எடுத்தேன். அதுக்கப்புறம் என் வண்டியில் ஏறின சக்கர நாற்காலி, கட்டில், காற்றுப் படுக்கை, மூச்சு மிஷின் எல்லாம் அக்கா சொல்லி ஏறினதுதான். "வேணுகோபால் சார்" என்று கூப்பிட்டவர் நாலு மாசத்தில் "வேணு" என்றார், ஒரு வருஷத்தில் "டேய் வேணு" ஆகிவிட்டது.

அக்காவின் தாத்தா வேலூர்ப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக் கேண்டீனில் வேலைக்கு என்று செகந்திராபாத் வந்தவர், திரும்பவில்லை. அக்கா குஷாய்குடா பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஒயரிங் செக்‌ஷனில் இருபத்தியோரு வருஷம் வேலை செய்தவர். ஒரே பையன், ஆனந்தகுமார்.

அவன் நாலு வயசில் அடிக்கடி விழுந்தான். கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டு இருந்ததால் சொந்தக்காரர்கள் "பயில்வான் பொறந்திருக்கான்" என்று கிள்ளுவார்களாம். ஆறு வயசில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பையனைத் தரையில் உட்காரச் சொன்னார். எழுந்திருக்கச் சொன்னார். பையன் கையைத் தரையில் ஊன்றி, முழங்காலைப் பிடித்து, அப்புறம் தொடையைப் பிடித்து, தன் உடம்பு மேலேயே ஏணி ஏறுகிற மாதிரி ஏறி நின்றான். நின்று, ஜெயித்துவிட்டேன் என்று சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

டி.எம்.டி. என்பார்கள். தசை கரைகிற நோய். ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை, பிறக்கும்போதே உடம்புக்குள் எழுதிவைத்து வருவது. ஆயிரக்கணக்கான பையன்களில் ஒருத்தனுக்கு வரும். பத்துப் பன்னிரண்டு வயசில் கால் போகும், அப்புறம் கை. கடைசியில் மூச்சு இழுக்கிற தசையும் சோர்ந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு அநேகமாக வராது, ஆனால் அம்மா வழியாக வரலாம். இந்த ஒரு வார்த்தை போதாதா? மாமியார் வீட்டில் "உன் ரத்தம்தான்" என்றார்கள். புருஷன் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். முதலில் பண்டிகைக்கு வந்தார், அப்புறம் பண்டிகைக்கும் வரவில்லை.

நான் அக்காவைப் பார்ப்பதற்கு முன்பே, ஆனந்தகுமார் பத்தொன்பது வயசில் போனான். மூணாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சக்கர நாற்காலி கொடுத்த தர்ம ஸ்தாபனத்திலிருந்து ரெண்டு பேர் வந்தார்களாம். "மேடம், வீல்சேர் ரிட்டர்ன். இங்க ஒரு சைன்." அக்கா கையெழுத்துப் போட்டார். நாற்காலியில் பையனுடைய குட்டித் தலையணை இருந்தது. அதை எடுத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை, அதோடேயே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவர் போட்டுக்கொண்ட சட்டம் இங்கே பிறந்ததுதான். பதினாறு நாள் முடிகிறவரை செத்த பையன் வீட்டில் எந்தச் சாமானையும் கேட்கக் கூடாது. அந்தப் பதினாறு நாளும் அக்கா தினம் அந்த வீட்டுக்குப் போவார். ஆறுதல் எல்லாம் சொல்ல மாட்டார், அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். பதினேழாம் நாள் என் வண்டி போகும். வீட்டுக்காரர்களே எல்லாவற்றையும் துடைத்து வாசலில் வைத்திருப்பார்கள். நோய் வந்த வீடுகளில் என் வண்டிக்கே பதினேழாம் நாள் வண்டி என்று பேர் விழுந்துவிட்டது.

மகன் போன பிறகு அக்கா எடுத்துக்கொண்ட இந்த வேலை நடந்தது இப்படித்தான். ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர்கள் பணம் கொடுப்பார்கள். கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் குழந்தை பிறந்தநாளுக்கு என்று கொடுப்பார்கள். அதில் வருஷத்துக்கு ஒரு மிஷின், ரெண்டு மிஷின் புதுசு வரும். ஃபேக்டரியில் அக்காவோடு வேலை பார்த்த சுப்பிரமணியம் சார் ரிப்பேர் பார்த்துக் கொடுப்பார். அப்படியும் பற்றாது. கேட்கிற வீடு எப்பவும் அதிகம். ஒரு வீட்டில் பையன் போனால்தான் இன்னொரு வீட்டுக்கு மிஷின். இதைப் பெரிய மனசு, தொண்டு என்றெல்லாம் மேடையில் பேசுவார்கள். வண்டி ஓட்டுகிறவனுக்கு அப்படித் தெரியாது. ஒரு வீட்டு அழுகையை ஏற்றி இன்னொரு வீட்டில் இறக்குகிற மாதிரி இருக்கும்.

போன வருஷம் ஆடி மாசம், மெட்டுகுடாவில் கனகவல்லியம்மாவின் மகன் வினய் போனான். பதினேழு வயசு, அதே நோய். என் தெருவுக்கு அடுத்த தெரு. மூணாம் நாள், துக்கத்துக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திரும்ப ஏற்றப் போனேன். கடைசி அடுக்கைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கனகவல்லியம்மா வாசலுக்கு வந்தார். கையில் அக்கா கொடுத்த மூச்சு மிஷின், அதனுடைய நீலப் பையில்.

"அண்ணா, இதையும் எடுத்துட்டுப் போயிருங்க. அக்காகிட்ட குடுத்துருங்க."

"நக்கோம்மா," என்றேன். "பதினாறு ஆகட்டும். அக்கா ரூல் அது. முறையா வந்து வாங்கிக்குவாங்க."

"இல்லண்ணா, சும்மாதானே இருக்கு..."

"உள்ள வைம்மா. ஒண்ணும் அவசரமில்ல."

அவர் உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி கயிற்றை இழுத்துக் கட்டினேன். துக்க வீட்டில் மரியாதை காப்பாற்றினேன் இல்லையா? அக்காவிடம் சொல்லணும் என்றுகூடத் தோன்றவில்லை.

அதே வாரம் அக்காவிடம் ஒரு அம்மா வந்தாள். லூர்துமேரி. தூத்துக்குடிப் பக்கம். கச்சிபௌலியில் முப்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒரு ரூம். புருஷன் இல்லை. பையன் ஃபெலிக்ஸ், பதினைந்து வயசு. ராத்திரியில் அவனுக்குக் கெட்ட காற்று வெளியே போகாமல் தேங்குகிறது, காலையில் தலைவலியோடு எழுந்திருக்கிறான், சீக்கிரம் மிஷின் வையுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். எத்தனை நாளில் என்று சீட்டில் இல்லை.

அக்கா வினய்யின் பதினேழாம் நாளை விரல் விட்டு எண்ணினார். "இருபத்திரெண்டாம் தேதி மிஷின் வந்துரும்மா. வேணு கொண்டுவருவான்."

"வந்துரும்லாக்கா?"

"வந்துரும்."

சக்கர நாற்காலி ஒன்றை மட்டும் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃபெலிக்ஸ் வாய் ஓயாத பையன். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில், தெலுங்கில் கேட்டால் ஹிந்தி. மாஸ்க் எப்படி இருக்கும் என்று கேட்டான். மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி, பின்னால் பட்டை, என்றேன்.

"ஃபைட்டர் பைலட் மாதிரியா, அங்கிள்?"

"ஹவ், அப்படித்தான். ஆனா நீ பறக்க வேணாம். படுத்துத் தூங்கு."

"தோ ஜல்தி லாவ் நா, அங்கிள்! சீக்கிரம் கொண்டாங்க! உங்க வண்டி ட்ராலியா, மாட்டு வண்டியா?"

லூர்துமேரி "ஏலே, பெரியவங்களயா கேலி பண்ணுத?" என்று தலையில் தட்டினாள். தட்டின கை அப்படியே தடவிக்கொடுத்தது.

வினய் போன பதினோராம் நாள், ஃபெலிக்ஸுக்குக் காற்றுப் படுக்கை கொண்டுபோனேன். ஃபெலிக்ஸ் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மழைச் சளிதான் என்றாள் லூர்துமேரி. பேசாத அந்தப் பையன் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கிருந்தே அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"பையன் சோர்ந்து கிடக்கான்கா. கனகவல்லியம்மா வீட்டு மிஷினக் கேட்டுப் பாப்பமா?"

அவர் மூணாம் நாளே எடுத்து நீட்டினதைச் சொல்ல அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. "எப்படிடா கேக்கறது? இன்னும் அஞ்சு நாள் இருக்கு. இப்பத்தான் அவ வீட்ல உக்காந்துட்டு வரேன். சோறு எறங்கலை அவளுக்கு. அதப் போய்... இரு, கோட்டி கடைத்தெருவுல வாடகைக்குக் கேக்கறேன்."

கேட்டார். கடைக்காரன் திங்கட்கிழமை ஒன்று திரும்பி வரும் என்றான். அன்றைக்கு வியாழன். வெள்ளி போனது, சனி போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லூர்துமேரி பூசைக்குப் போக எழுந்து பையனைத் தொட்டாள். பையன் எழுந்திருக்கவில்லை. மூச்சு இருந்தது, முழிப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டார்கள். டாக்டர் அக்காவிடம், குழாயை எடுக்கிற அன்றைக்கே மாஸ்க் மிஷின் கையில் இருக்கணும் என்றார். அக்கா என்னைப் பார்த்தார். "வண்டிய எடு. மெட்டுகுடா."

திங்கட்கிழமைக் காலை, பதினைந்தாம் நாள். கனகவல்லியம்மா கதவைத் திறந்தார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"கனகா, தப்பா எடுத்துக்காதே. பதினாறு ஆகலன்னு தெரியும். ஒரு பையன் ஆஸ்பத்திரில கெடக்கான். அந்த மிஷின்..."

"இதுக்கு ஏன்கா கெஞ்சறீங்க?" என்றார் கனகவல்லியம்மா. "மூணாம் நாளே எடுத்து நீட்டினேனே." என் பக்கம் கையைக் காட்டினார். "இவர்தான் நக்கோன்னுட்டாரு. உங்க ரூலாம்."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "தெனமும் வந்தேனேடி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க ரூலுன்னாரே. அத நான் எப்படி மாத்தச் சொல்றது? அது கண்ணுல படும்போதெல்லாம் யாராவது தூக்கிட்டுப் போயிட மாட்டாங்களான்னு இருந்தது." கனகவல்லியம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "நீங்க ஏன்கா கேக்கல?"

மிஷின் அலமாரியில் இருந்தது. அதுக்கு நேர் எதிரேதான் அக்கா அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தார். எட்டி எடுக்கிற தூரம்.

வண்டியில் அக்கா மிஷினை மடியில் வைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். தார்நாகா சிக்னல் வந்தது, போனது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, நான்..."

"ரோட்டப் பாரு." மடியில் இருந்த மிஷினைப் பார்த்தபடி சொன்னார்: "என்கிட்ட அவ நீட்டியிருந்தாலும் நானும் அதேதான் சொல்லியிருப்பேன். உள்ள வைன்னு. அதான்டா தாங்கலை."

ஃபெலிக்ஸின் தொண்டைக் குழாயை எடுக்கவே இல்லை. புதன்கிழமை மத்தியானம் அவன் போய்விட்டான். மிஷின் என் வண்டி முன் சீட்டில் இருந்தது. முன்னாடியே மிஷின் வைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று நான் டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதுப்பா. வைத்திருந்தாலும் சளி சளிதான். ஆனா உடம்புல கொஞ்சம் தெம்பு மிச்சம் இருந்திருக்கும்," என்றார். அவர் பாதிக்குப் பாதி சொன்னதை நான் முழுசாக எடுத்துக்கொண்டேன். இன்னும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா லூர்துமேரி ரூமுக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். லூர்துமேரி தேம்பவில்லை. காற்றுப் படுக்கையை மடித்துக்கொண்டிருந்தாள், திருப்பிக் கொடுக்க.

"அந்த மிஷின் எங்கக்கா இருந்துச்சு?"

வேறு யாராவது இருந்தால் ரிப்பேரில் இருந்தது என்று சொல்லியிருப்பார்கள். அக்கா சொல்லவில்லை. "மெட்டுகுடாவுல. ஒரு வீட்ல சும்மா இருந்துச்சும்மா. அவங்க பையன் போய் பதினாறு ஆகலன்னு நான் கேக்கல."

லூர்துமேரி மடிப்பை நிறுத்தினாள். "எங்களுக்குப் பதினாறு கிடையாதேக்கா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாததை ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் படுக்கையை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். இப்போது அவள் ஊருக்கே போய்விட்டாள். அக்கா ஃபோன் போட்டால் எடுப்பதில்லை.

அக்கா சட்டத்தை எடுத்துவிட்டார். யாரையும் கூப்பிட்டுப் பேசவில்லை, எனக்கு மட்டும் சொன்னார்: "இனிமே நாள் கெடையாது. சேதி வந்தா வண்டி."

முதல் சேதி புரட்டாசியில் வந்தது, தார்நாகாவிலிருந்து. பத்ரிநாராயணன் என்று ஒருத்தர், அங்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மகனுக்கு இருபது வயசு. அக்கா கொடுத்த மிஷினில்தான் மூணு வருஷம் ஓடியது. நாங்கள் போனபோது காலை பத்து மணி. பையனை இன்னும் எடுக்கவில்லை, கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

அக்கா முதலில் அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா அக்கா தோளில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். அப்புறம் அக்கா எழுந்து பத்ரிநாராயணன் சார் கிட்டே வந்தார்.

"சார், மிஷினக் கொண்டுபோகணும்."

அவருக்குப் புரியவில்லை. "எந்த மிஷின்?"

"மூச்சு மிஷின். சைதாபாத்ல ஒரு பையனுக்கு வேணும்."

"இன்னைக்கா? இப்பவா?"

"இப்பத்தான் சார்."

பக்கத்தில் இருந்த மச்சினரோ யாரோ எகிறிவிட்டார். "மனுஷியா நீ? இன்னும் உடம்பு சூடு ஆறலை. கழுகுகூட கொஞ்ச நேரம் பொறுக்கும்மா!" கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியம்மா "போட்டோ எடுத்துப் பேப்பர்ல போடணும் போல" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு பையன் முகத்தையும் அக்கா போட்டோ எடுக்க விட்டதில்லை. நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு சமாதானமும் சொல்லவில்லை. தலையைக் குனியவும் இல்லை. அங்கேயே நின்றார்.

பத்ரிநாராயணன் சார் உள்ளே போனார். மிஷினை எடுத்துவந்தார். அக்கா கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்தார். அந்த அம்மா அக்காவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோளில் சாய்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அக்கா குனிந்து எடுத்துக்கொண்டார். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மிஷினை மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் பாட்டில் நீட்டினேன், குடிக்கவில்லை.

"அந்த வீட்டுக்குள்ள இனி நான் போக முடியாது, தெரியுமா?" என்றார். "பதினாறு நாள் உக்கார ஆளில்லாம போச்சு அந்தப் பொண்ணுக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான், வேணு. கூட உக்கார்றது."

நான் வண்டியைக் கிளப்பினேன். "சைதாபாத்துக்கு எப்படிப் போறது, வித்யாநகர் வழியாவா?" என்றேன்.

"ம்."

சைதாபாத்தில் அந்தப் பையனுடைய அப்பா தெருமுனைக்கே வந்து நின்றிருந்தார். டாக்டர் சீட்டுப்படி மிஷினை சரிசெய்கிற டெக்னீஷியனும் வந்துவிட்டான். அப்பா வண்டியைப் பார்த்ததும் ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ரண்டி, அம்மா, ரண்டி, உள்ள வாங்க, டீ போட்டிருக்கு" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்.

அக்கா மிஷினை என் மடிக்குத் தள்ளினார்.

"நீ கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டா உள்ளதச் சொல்லு. நான் இங்கயே இருக்கேன். அவங்க சிரிக்கறதப் பாக்க இன்னைக்கு என்னால ஆகாது."

நான் இறங்கினேன்.